மூன்று கிண்ணம் ஒரு கிண்ணமாக

மார்ச் 4, திங்கள்

மாத்திரை கொடுக்கும் நேரத்தை எழுதி வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற மிஸ்ஸி சொன்னாள். அதற்காகத்தான் இந்த டைரி. மாலை ஆறு மணி, ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை, கொடுத்தாயிற்று.

எழுத வேண்டியது இவ்வளவுதான். பக்கம் பெரிதாக இருப்பதால் மேலும் எழுதுகிறேன். போன வருஷக் கடைசியில் என் வீட்டுக்காரர் வீரையாவுக்கு நெஞ்சைத் திறந்து ஓர் உலோக வால்வு வைத்தார்கள். வீடு அமைதியாக இருந்தால் அது டிக் டிக் என்று அடிப்பது எனக்கே கேட்கிறது. காலமெல்லாம் லாரி ஓட்டிய மனிதர். "எனக்கே ஸ்பேர் பார்ட் மாத்திட்டானுங்க" என்று ஆஸ்பத்திரியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

ரத்தம் கெட்டியானால் வால்வு அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி நீர்த்துப் போனால் உள்ளுக்குள் கசிந்தே ஆள் போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்தி வைப்பது என் பொறுப்பு. இதை டாக்டர் மேகலா அவரிடம் தமிழிலும் என்னிடம் மலாயிலும் சொன்னார். நான் "சரிங்க டாக்டர்" என்றதும் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். அறுபது வருஷமாக ஊரே பார்த்த முகம்தான்.

மார்ச் 7, வியாழன்

கிள்ளானிலிருந்து மகள் சுகுணா போன் செய்தாள். அப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்றாள்.

"எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன்."

அது பொய்யில்லை. கையை மடக்கிப் படுத்து மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாது. அந்த மாதிரி இருக்கிறேன். வலி ஒன்றும் இல்லை. காலையில் எழுகிறேன், அவரைக் குளிப்பாட்டுகிறேன், கஞ்சி வைக்கிறேன், துணி துவைக்கிறேன். மறுபடியும் ஆறு மணி வந்துவிடுகிறது.

மாத்திரை கொடுத்தாயிற்று.

மார்ச் 9, சனி

வீட்டுக் கைலி சட்டையோடு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தைப்பிங் ஊர் மழைக்கு மனிதர் மேல் இரக்கமே கிடையாது. நனைந்துகொண்டே ஓடி ஒரு சீன மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே இருந்த சீன வைத்தியர், சின்சே என்பார்கள், என் வயதுதான் இருக்கும், ஹொக்கியன் சீனத்தில் என்னமோ சொல்லி முக்காலியை இழுத்துப் போட்டார். சுடச்சுடத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்த சீன வீட்டில் பெண் பிள்ளைகள் அதிகமாகிவிட்டதால், பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பத்துக்கு என்னைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாதான் என் அம்மா. தவமணி என்று பேர் வைத்தாள், காது குத்தினாள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தாள். என்னிடம் இருக்கிற சீனம் என் முகம் ஒன்றுதான். கடைத்தெருவில் சீனர்கள் பேச்சுக் கொடுத்தால், "எனக்குச் சீனம் தெரியாது" என்று மலாயில் சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு விளக்கு அணையும். பெற்றவர்களை மறந்துவிட்ட வீணாய்ப் போனவள் என்று நினைப்பார்கள் போலும்.

இன்றைக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. அசதி. மழை வேறு.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். இனிமையான குரல். எனக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஓமமும் ஈர மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எப்படியோ என் கை நெஞ்சைத் தொட்டுக் காட்டியது. அப்புறம் இரண்டு கைகளையும் தேய்த்து, குளிர் என்று காட்டினேன். வீட்டுக்காரருக்கு நெஞ்சுக் கோளாறு, கை கால் சில்லிட்டுக் கிடக்கிறார் என்று அர்த்தம். அவர் புரிந்துகொண்டு தலையசைத்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொன்னார். வீட்டுக்காரர் நோய்க்குப் பெண்டாட்டி நாடியைப் பார்ப்பதும் ஒரு முறை போலிருக்கிறது. இவர்கள் வைத்தியமே தனி.

பிறகு நிறையக் கேள்வி கேட்டார். பாஷை தெரியாவிட்டாலும் கேள்வி என்பது குரலில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, சின்னத் தராசில் நிறுத்து, ரோஜா நிறத் தாளில் கட்டினார். மெல்லியதாகச் சீவிய வெளிர் நிற வேர், சிவப்பு ஈச்சம்பழம் மாதிரி ஒன்று, மணி மணியாகச் சிவப்பில் இன்னொன்று. மூன்று விரலைக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினார். மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்ட வேண்டும். அது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் நெற்றிப் பொட்டு மழையில் போயிருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

"என்னா இது?"

"சீன மருந்து. ஒடம்புக்கு நல்லதாம்."

ஒரே மூச்சில் குடித்துவிட்டார். வெறும் தேநீரில் சீனி ஒரு கரண்டி குறைந்தால் கப்பலே கவிழ்ந்த மாதிரி கத்துகிற ஆள்.

"கசக்குதா?"

"பரவால்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 13, புதன்

பின்வீட்டு அஞ்சலை ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். கீரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரத்த அளவு மாறிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் அதில் கண்டிப்பு. அஞ்சலைக்கு முகம் சுருங்கிவிட்டது.

மாத்திரை, கஷாயம், இரண்டும் ஆயிற்று.

மார்ச் 16, சனி

சேலை ஒன்றும் காயவில்லை. சுகுணா விட்டுப்போன சட்டையும் பேண்டும் போட்டுக்கொண்டு சின்சே கடைக்குப் போனேன். தாலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியில் தொங்கவிட்டால் கொடி எதிலாவது மாட்டிக்கொள்ளும்.

கடையில் என் வயதுப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி என் கையைத் தட்டித் தட்டி ஒரு கதை சொன்னாள். மருமகள் கதையாக இருக்க வேண்டும். கையைத் திருப்பி, மூக்கைச் சுருக்கி, குரலை மாற்றிச் சொன்னதில் நன்றாகவே விளங்கியது. கடைசியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சின்சே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் தேவலை என்பது போல் கட்டை விரலைக் காட்டினார். இன்னும் ஒரு பொட்டலம் கட்டினார். திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். வெயில் இல்லை, அதனால்.

மார்ச் 19, செவ்வாய்

குளிப்பாட்டும்போது அவர் முழங்கைக்கு மேலே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கன்றல். கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டிருப்பார். "எங்க இடிச்சிக்கிட்டீங்க?" என்றேன். "எங்கியோ" என்றார். சட்டத்தில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினேன்.

மார்ச் 23, சனி

இன்றைக்கும் சுகுணாவின் சட்டையும் பேண்டும்தான். சின்சே புதிதாக ஒரு வேர் சேர்த்தார். செங்கல் நிறம். அதைக் காட்டித் தன் நெஞ்சைத் தட்டினார். கேள்வி கேட்டார், கொஞ்சம் அழுத்தமாகவே கேட்டார். தலையாட்டினேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை ஆட்டினேன். அவருக்குத் திருப்தி.

மருமகள் கதைக்காரி எனக்காக ஓர் ஆரஞ்சுப்பழம் வைத்திருந்தாள்.

மார்ச் 25, திங்கள்

தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள். குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்தேன், போய்விட்டது. மாத்திரை, கஷாயம் ஆயிற்று. ரத்தப் பரிசோதனை வெள்ளிக்கிழமைதான், அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 27, புதன்

நேற்று எழுதவில்லை. நேற்று நடந்ததை இன்றைக்கு எழுதுகிறேன்.

காலையில் குளியலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகுகிறது, கழிவறைக்குள் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. அஞ்சலையின் வீட்டுக்காரர்தான் காடியில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் மூக்கைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தேன். எனக்குப் படபடப்பே இல்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து விளம்பரப் பலகையை முழுசாகப் படித்தேன். சோப்பு விளம்பரம்.

ரத்தம் தண்ணீராகிவிட்டதாம். மூன்றில் நிற்க வேண்டிய அளவு ஏழைத் தாண்டியிருக்கிறது. டாக்டர் மேகலா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாத்திரை தவிர வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா? நாட்டு மருந்து, சீன மருந்து?"

"இல்லங்க டாக்டர்."

"நல்லா யோசிங்க. சீன மருந்து எதாச்சும்?"

அந்த வார்த்தையை இரண்டாவது தடவை சொல்லும்போது அவர் பார்வை என் முகத்தில் நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. முகத்தை வைத்துத்தானே கேட்கிறாய் என்று. "நாங்க தமிழாளுங்க, டாக்டர். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல" என்றேன். தலையைத் தூக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வார்டுக் கண்ணாடி வழியாக வீட்டுக்காரர் தெரிந்தார். வாயைத் திறந்து மூச்சு விடுகிறார், ஈறெல்லாம் சிவப்பு. அப்போதுதான் புரிந்தது என்று எழுதினால் அது பொய். கன்றலைப் பார்த்த அன்றைக்கே எனக்குள் ஏதோ ஒன்று புரிந்திருந்தது. அதன் மேல் துணி சுற்றிக் கட்டிவிட்டேன்.

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"குடுத்தேன் டாக்டர். ரெண்டு வாரமா."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "பேரு என்னா?" என்றார்.

"தெரியாது."

"பொட்டலத்துல எழுதியிருக்கும்ல?"

"வெறும் தாளு. எழுத்து ஒன்னும் இல்ல."

"அம்மா, அந்த வேர்கள்ல சிலது இந்த மாத்திரைக்கு மேல மாத்திரை போட்ட மாதிரி வேலை செய்யும். சிலது கிட்னியைக் கெடுக்கும். எது உள்ள போயிருக்குனு தெரிஞ்சாத்தான் நான் எதைப் பாக்கணும், எத்தனை நாளைக்குப் பயப்படணும்னு தெரியும். யாரு குடுத்தாங்களோ, அவங்ககிட்டயே கேட்டு வாங்க. இப்பவே போங்க."

போனேன். வீட்டுச் சேலை, நெற்றியில் பொட்டு, தோளில் அவர் ரத்தம் பட்ட துண்டு. அதே பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். சின்சே சிரித்துக்கொண்டே என்னமோ சொல்ல ஆரம்பித்து, சேலையைப் பார்த்து நிறுத்தினார்.

"எனக்குச் சீனம் தெரியாது" என்றேன் மலாயில்.

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். ஒரு சொல்லும் தெரியாது. என்னைச் சின்னப் பிள்ளையிலேயே தமிழர்களிடம் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை. எனக்குக் கொடுத்தீர்களே, அது என்ன மருந்து? என் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

மருமகள் கதைக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். சின்சே மெதுவாக மலாயில் கேட்டார்:

"யார் குடித்தது?"

"என் புருஷன்."

"அது உங்களுக்குக் கொடுத்த மருந்து."

ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

"நீங்கள் உங்கள் நெஞ்சைக் காட்டினீர்கள். உங்கள் கையைக் காட்டினீர்கள். உங்கள் நாடியைப் பார்த்தேன், உங்களுக்குக் கட்டினேன். ஆஸ்பத்திரி மருந்து எதுவும் சாப்பிடவில்லையே என்று கேட்டேன். தலையாட்டினீர்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை கட்டாயம் இல்லையே என்று போன வாரம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் தலையாட்டினீர்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த வேர் பக்கமே வரக் கூடாது. இங்கே வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். உங்களுக்கும் சொன்னேன்."

சொல்லிக்கொண்டே இழுப்பறைகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்து வைத்தார். டாக்டருக்குக் காட்ட. வெளிர் வேரின் பேர் 'தோங் குய்'. பெண்களுக்கு ரத்தம் ஊறவும் ஓடவும் கொடுப்பது. செங்கல் நிற வேரின் பேர் 'தான் சிம்'. நெஞ்சில் கட்டிக்கொண்ட ரத்தத்தைக் கலைப்பது. இரண்டும் நல்ல மருந்து, ஆள் மாறினால் நஞ்சு. மற்றதெல்லாம் பழம், சும்மா ருசிக்கு. பேர்களை ரோமன் எழுத்தில் எழுதியும் கொடுத்தார். கிட்னியைக் கெடுப்பது எதுவும் இல்லை என்று சத்தியம் மாதிரிச் சொன்னார்.

வாசல்வரை வந்தவர், "உங்கள் நாடி அடியில் கிடக்கிறது. தேடித்தான் பிடித்தேன். ரொம்ப நாள் துக்கத்தை அடக்கி வைத்தவர்களுக்கு அப்படி இருக்கும்" என்றார்.

எனக்கு என்ன துக்கம்? நின்று பேச நேரமில்லை. டாக்சி பிடித்தேன்.

மார்ச் 28, வியாழன்

ரத்தம் ஏற்றுகிறார்கள். ஊசி போட்டு ரத்தத்தைக் கெட்டியாக்கவும் வேண்டும், வால்வு அடைக்கிற அளவுக்குப் போய்விடவும் கூடாது. டாக்டர் மணிக்கொரு தரம் வந்து பார்க்கிறார். வேர்களின் பேர் தெரிந்ததால்தான் சமாளிக்க முடிந்தது என்றார். என்னிடம் தமிழில்தான் பேசுகிறார்.

சுகுணா வந்திருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு என்னாச்சும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 29, வெள்ளி

ரத்தம் நின்றுவிட்டது. கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார்.

மார்ச் 31, ஞாயிறு

சுகுணா பசியாறப் போயிருந்தாள். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் களை. நடந்ததை அவரிடமும் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். சொன்னேன். மருந்து எனக்குக் கொடுத்தது, நான் புரிந்த மாதிரித் தலையாட்டினேன், உங்களைக் கொல்லப் பார்த்தேன் என்று, எதையும் விடாமல். சொல்லி முடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மூக்குல ரத்தம் வந்துருக்கு, ஈறுல வந்துருக்கு. ஏன் ஒரு வார்த்த சொல்லல? அவ்ளோ கசப்பு, என்னா ஏதுன்னு கேக்காம ஏன் குடிச்சீங்க?"

"சொன்னா நீ அந்தக் கடைக்குப் போறத நிறுத்திப்புடுவ."

"நிறுத்துனா என்னா?"

அவர் போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். லாரியில் ஏர் பிரேக் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"நீ பாத்திருக்க மாட்ட. அந்தக் கடைக்குப் போயிட்டு வந்த நாள்லாம் அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு மருந்தக் கிண்டிக்கிட்டே பாடுவ. மெதுவாத்தான். எனக்குப் படுக்கையில கேக்கும். நம்ம கல்யாணம் ஆனதுலருந்து நீ பாடி நான் கேட்டதே இல்ல, தவம். நான் மருந்து வேணாம்னா அது நின்னுபோயிரும்னு குடிச்சேன்."

"நானா? பாடுனேனா?"

"ஆமா லா. சுருதியே கிடையாது."

அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு அழ முடியவில்லை, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாத சத்தம். மிஸ்ஸி தட்டுத் தடுமாறி ஓடி வந்து, அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள், அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவருக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் என்றேன்.